நகர்புகு செவிலியர் வகைநூல்

பாயிரம்

மாணாக்க! நிமிர்ந்து அமர்ந்து கேள். மருந்தைப் பற்றிப் பாடிய பத்துக் குறள்களின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்பு வகுத்தார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கையாள்பவன். நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். ஆண்பாலைக் கூறியதனாற் பெண்பாலும் கொள்ளப்படும் ஆதலின், உழைச்செல்வி என்பது இந்நூலின் துறைச்சொல். உலக வழக்கில் இவளை நர்ஸ் என்பர்; நேரில் கண்டால் சிஸ்டர் என்பர். இவள் செய்யும் தொழிலைச் சொன்ன வள்ளுவர், இவள் எங்கே தங்குவாள், எத்தனை மூட்டையோடு ஊரை விட்டுக் கிளம்புவாள், தாயிடம் என்னென்ன மறைப்பாள் என்பவற்றைச் சொல்லாது விட்டார். இரண்டாயிரம் ஆண்டுக் குறை ஒன்று இந்நூலால் நீங்குகிறது.

நூலின் தென்னெல்லை பெண்ணாடம், வடவெல்லை சென்னை. பெண்ணாடம் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி வட்டத்தில் வெள்ளாற்றை அடுத்துள்ளது. அவ்வூர்க் கோயிலுக்குத் தூங்கானைமாடம் என்பது பழம்பெயர். கருவறையின் மேற்கட்டு, படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல் வளைந்திருத்தலின் அப்பெயர் பெற்றது. யானை உறங்கும் ஊரிலிருந்து இரவெல்லாம் விழித்திருக்கும் தொழிலுக்குச் செல்லுதல் இப்பொருளின் முதல் முரண். இரண்டாம் முரண் இல்லை.

பெண்ணாடத்தார் ஊர்பெயர்தல் புதிதோ எனின், அன்று. மெய்கண்டார் இவ்வூரிற் பிறந்தார். தாய்மாமன் அவரைத் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டு சென்றார். அங்கே அவர் வேறு பெயர் பெற்றார் என்பது சைவ மரபு. இதனால் மூன்று நெறிகள் பெறப்படும். ஒன்று, பெண்ணாடத்தில் பிறந்தார் வேற்றூரில் விளங்குவர். இரண்டு, கொண்டு சேர்ப்பவர் தாய்மாமன். மூன்று, புகுந்த ஊர் பெயரை மாற்றும். மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாவில் இறை, உயிர், தளை மூன்றையும் அடக்கினார். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் பரந்ததாகலின் ஆறு இயல்கள் வேண்டியதாயிற்று.

செவிலியரை வகைப்படுத்துதல் தகுமோ எனின், தகும். 1820-இல் பிறந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரீமியப் போரில் இறந்த வீரரை, போர்ப்புண்ணால் இறந்தார், தடுக்கத்தக்க நோயால் இறந்தார், பிறவாற்றான் இறந்தார் எனப் பிரித்து நிறமிட்ட படமாக வரைந்தார். வகுத்தல் அத்தொழிலின் தாய்முறை. அவர் பிறரை வகுத்தார். நாம் அவர் வழியினரை வகுக்கிறோம்.

முதலாவது: பெயர்வியல்

“ஊதியம் பட்டறிவு தேர்வொடு கடலென
நால்வகைப் படூஉம் நகர்வயிற் பெயர்வே.”

உரை: உழைச்செல்வி கல்வியால் முத்திறத்தாள்: ஈராண்டினள், மூவாண்டினள், நான்காண்டினள். உலக வழக்கில் முறையே ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி என்ப. சிதம்பரத்தில் முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி நான்காண்டினரை ஆக்கும் இடங்களுள் ஒன்று. எத்திறத்தாளாயினும் சென்னைச் சாந்தோமில் உள்ள செவிலியர் மன்றத்தில் தன் பெயரைப் பதிதல் வேண்டும். அம்மன்றம் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிப்பட்டது. பதியாதவள் உழைச்செல்வி ஆகாள். ஆயினும் கால்வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று சிற்றப்பன் கேட்பது அவள் கல்லூரியிற் சேர்ந்த அன்றே தொடங்கிவிடும் என்க.

இனி நால்வகைப் பெயர்வு. ஊதியப் பெயர்வு, வீட்டுக் கடனையோ தம்பியின் படிப்பையோ நோக்கிய பெயர்வு. பட்டறிவுப் பெயர்வு, பெரிய மருத்துவமனையில் ஈராண்டு பணிசெய்தேன் என்னும் ஒரு தாளை நோக்கியது. அத்தாளை எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் என்று வழங்குவர். தேர்வுப் பெயர்வு, பகலிற் பணியும் இரவிற் படிப்புமாக அரசுப் பணித்தேர்வை நோக்கியது. கடல்நோக்குப் பெயர்வு, சென்னையை ஊராகக் கொள்ளாது துறையாகக் கொள்வது. இவள் கண் வளைகுடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும்.

மகளிரொடு கடற்செலவு இல்லை என்று தொல்காப்பியர் கூறியிருக்க, கடல்நோக்குப் பெயர்வு வழுவாகாதோ எனின், ஆகாது. அவர் விலக்கியது ஆடவர் மகளிரை உடன்கொண்டு செல்வதை. மகளிர் தாமே தனித்துச் செல்வதை அவர் யாண்டும் விலக்கினாரல்லர்.

இரண்டாவது: மூட்டையியல்

“வல்லினம் மெல்லினம் இடையினம் என்றா
மூவினத்து அடங்கும் மூட்டை எல்லாம்.”

உரை: வல்லின மூட்டையாவது தட்டினால் ஒலிப்பது. சக்கரப்பெட்டி, வாளி, குவளை, எவர்சில்வர்த் தட்டு என்பன. வாளி விடுதியில் தரப்படாத பொருளாதலின் ஊரிலிருந்தே வரும். அதனுள் குவளையும், குவளையுள் சவர்க்காரமும் அடங்கும். மெல்லின மூட்டையாவது அமுக்கினால் அடங்குவது: போர்வை, தலையணை, சீருடை. இடையின மூட்டையாவது அடங்குவதுபோல் தோன்றி வழியிற் கசிவது: நல்லெண்ணெய், எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல்.

இடையினம் அருகிருப்பதோடு புணரும் இயல்பினது. நல்லெண்ணெய் வெள்ளைச் சீருடையோடு புணருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் ஒருங்கே நிகழும்: கறை தோன்றும், நிறம் திரியும், சீருடை கெடும். இதனைத் தடுத்தற்கு, புட்டியைத் துணியிற் சுற்றி, துணியைப் பையிலிட்டு, பையைத் துணிக்கடை தந்த மஞ்சட்பையிலிட்டு, அதனை மடியில் வைத்துக்கொண்டே செல்லுதல் பெண்ணாட வழக்கு. முந்திரிப் பருப்பு எவ்வினம் எனின், வல்லினம். ஆயினும் சென்று சேருமுன் குறையும் ஆதலின் குற்றியலுகரத்தோடு ஒக்கும்.

மூவினத்துள் அடங்காது தனித்து நிற்பது சான்றிதழ்ப் பொதி. இது மூட்டையுள் ஆய்தம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி, பதிவு ஆகியவற்றின் மூலத்தாள்கள் ஒரு நெகிழி உறையுள் இருக்கும். வண்டியில் இது காலடியில் வையாது நெஞ்சோடு அணைக்கப்படும். பணிக்குச் சேர்ந்தவுடன் இம்மூலத்தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, இடையில் விலகினால் பணம் கட்டு என்று சொல்லும் தனியார் மருத்துவமனைகளும் உள. அவ்விடத்து ஆய்தம் பூட்டிய பேழையுட் கிடக்கும். உரியவள் அதன் ஒளிப்படியைக் கொண்டு வாழ்வாள்.

மூன்றாவது: செலவியல்

“இரும்புவழி தார்வழி இரண்டே செலவு.”

உரை: இரும்புவழி, விழுப்புரத்தையும் திருச்சியையும் குறுக்கே இணைக்கும் தடம். பெண்ணாடம் அத்தடத்தில் நிலையம் உடையது. ஆயினும் விரைவு வண்டிகள் பலவும் அதனைக் கடந்தே செல்லும் ஆதலின், விருத்தாசலம் சென்று ஏறுதல் பெருவழக்கு. இவ்வழி வருவாள் எழும்பூரில் இறங்குவாள். இறங்கியவுடன் சென்னையில் இருப்பாள். தார்வழி வருவாளுக்கு அவ்வுறுதி இல்லை. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்துப் புதுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், இவள் இறங்கியும் நகர் புகாதவள் ஆகிறாள். இந்நிலைக்குப் புகாப்புகல் என்று பெயர். சென்னைக்கு வந்துவிட்டேன் என்று தாயிடம் கூறிய பின்னும், வாளியைத் தூக்கிக்கொண்டு வேறொரு பேருந்துக்கு நிற்பது இதன் அடையாளம்.

வழித்துணை நான்கு வகை. தாய்மாமன் துணை: பாயிரத்துட் கூறிய நெறிப்படி சிறந்தது; இவர் வழியெல்லாம் சென்னையைப் பற்றி அச்சுறுத்துவார். தந்தை துணை: ஒன்றும் பேசார், விடுதி வாயிலில் ஐந்நூறு உருவாத் தாளை மடித்துக் கையில் வைத்து அழுத்துவார். முன்சென்றாள் துணை: முன்னரே அங்குப் பணிசெய்யும் அதே ஊர் அக்காள்; எந்த மருத்துவமனை எத்தன்மைத்து என்னும் உண்மை இவளிடத்து மட்டுமே கிடைக்கும். தன்துணை: ஒருவரும் இல்லாதது. தன்துணையாள் ஊரார்க்கு முன்சென்றாள் துணை உண்டென்றே சொல்லிக் கிளம்புவாள்.

நான்காவது: உறையுளியல்

“கட்டில் குழாய்நீர் கறிபதம் அயலவர்
எட்டிய அளவே உறையுள் இன்பம்.”

உரை: கட்டில் நால்வகை. கீழ்க்கட்டில், அதில் எவரும் அமர்வர்; உரியவள் தன் கட்டிலில் இடம் கேட்டு அமர்வாள். மேற்கட்டில், மின்விசிறிக்கு அருகில் உள்ளது. காற்றும் உண்டு, நிமிர்ந்து அமர்தல் இல்லை. சாளரக்கட்டில், மூத்தோர்க்கே உரியது. அவர் திருமணமாகிப் போகுங்கால் வாய்மொழியாகக் கைம்மாறும். நான்காவது மாறுகட்டில்: பகற்பணியாள் எழுந்த கட்டிலில் இரவுப்பணியாள் வந்து படுப்பது. இருவர்க்கும் குடிக்கூலி தனித்தனி. ஒரே கட்டிலிற் படுக்கும் இவ்விருவரும் திங்கட் கணக்கில் ஒருவரையொருவர் விழித்த நிலையிற் காணாமலும் இருப்பர்.

பகற்றுயிலுக்குப் பகை ஐந்து: மின்தடை, கதவு, அயலறைப் பாட்டு, தண்ணீர் வண்டி வந்துவிட்டதென்னும் கூவல், காப்பாளர் அம்மையார். உலக வழக்கில் வார்டன் எனப்படும் இவ்வம்மையார்க்கு இரவுப்பணி என்பதொன்று உண்டென்பதை ஒவ்வொரு திங்களும் புதிதாக விளக்குதல் வேண்டும்.

கறிபதம்: விடுதிக் குழம்பு ஒன்றே. நண்பகலில் சாம்பார் என்றும், இரவில் இட்டிலிச் சாம்பார் என்றும் பெயர் வேறுபடும்; பருப்பு வேறுபடாது. ஆகையால் ஊறுகாய்ப் புட்டி அறையுள் உயர்ந்த செல்வம். உழைச்செல்வியின் ஊறுகாயைப் பிறர் ஊறுகாயினின்று பிரித்தறியும் அடையாளம் ஒன்றுண்டு. அதன்மேல் மைக்ரோபோர் என்னும் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டப்பட்டு, உரியவள் பெயர், திறந்த நாள், திறந்த நேரம், அறை எண் ஆகியன நீலமையில் எழுதப்பட்டிருக்கும். சொட்டுநீர்ப் புட்டிக்கு எழுதிய கை, வேறு முறை அறியாது.

அயலவர் மூவகை. தென்குமரியார், மலையாளத்தார், வடகிழக்கு மலைநாட்டார். முதலிருவரும் இவளுக்கு முன்னரே இத்தொழிலிற் பழகிய குடியினர். வெளிநாட்டுத் தேர்வுக்கு எந்நூலைப் படிப்பது, முகவர் எவர்க்குப் பணம் கொடுக்கலாகாது என்பன இவர்வாய்க் கேட்கப்படும். மூன்றாமவர் மணிப்பூரிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வருவர். மூன்று நாள் தொடர்வண்டியில் வந்த அவரைக் கண்டபின், விருத்தாசலத்தை நினைந்து அழுதல் நாணத் தக்கதாய் முடியும்.

ஐந்தாவது: பணியியல்

“பொழுதும் விளியும் நிலைபேறும் பணியே.”

உரை: பொழுது மூன்று: காலைமுறை, மாலைமுறை, இரவுமுறை. பல மருத்துவமனைகளில் இரவுமுறை பன்னிரண்டு மணி நேரம் நீளும். சிறுபொழுது ஆறனுள் வைகறை இவளுக்கே சிறப்பாக உரியது, என்னை? குருதி எடுத்தல், சிறுநீர் அளத்தல், வெப்பம் குறித்தல், ஏட்டில் எழுதுதல் எல்லாம் அப்பொழுதே நிகழ்வன ஆதலின்.

விளி: பெண்ணாடத்தில் இவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்றும், பாப்பா என்னும் பெயர் ஒன்றும் இருந்தன. நகரில் இரண்டும் மறையும். மருத்துவர் விளி, சிஸ்டர். மூத்த செவிலியர் விளி, புதுப்பொண்ணு. நோயாளியின் மகன் விளி, ஹலோ. நோயாளியின் மனைவி விளி, யம்மா. இதில் யகரத்தின் நீட்சி வலியின் அளவைக் காட்டும். அகவை முதிர்ந்த நோயாளி விளி, தாயி. தூக்கக் கலக்கத்தில் தன் மகள் பெயரால் அழைப்பாரும் உளர். அவ்விடத்து மறுக்காது விடை கூறுதல் மரபு.

நிலைபேறு மூவகை. முதலாவது நிலைப்பணி, இதனைப் பெற்றாளுக்குப் பெண்ணாடத்தில் வரன் தேடுவது எளிது. இரண்டாவது தொகுப்பூதியப் பணி. 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி அரசு மருத்துவமனைகளில் இவரை அமர்த்தும். ஈராண்டில் நிலைபெறுவர் என்பது நெறி. ஈராண்டு என்பதன் நீளம் எவ்வளவு என்பதில் மட்டும் அரசும் செவிலியரும் மாறுபடுவர். இம்மாறுபாட்டைத் தீர்த்தற்பொருட்டு 2017 நவம்பர் இறுதியில் பெருந்திரளான செவிலியர் தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் தரையில் அமர்ந்தனர். அன்று அவர் திங்கள் ஊதியம் 7,700 உருவா. மூன்றாவது முடிவுநாட் பணி: தொடங்கும்போதே முடியும் நாள் எழுதப்பட்டது. கொரோனாக் காலத்து ஒப்பந்தத்தில் அமர்ந்த செவிலியர் பலர்க்கு அந்நாள் 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளாக அமைந்தது. நோய் மிகும்போது செவிலியர் மிகுதலும், நோய் குறையும்போது செவிலியர் குறைதலும் அரசின் இயல்பென்று கொள்க.

ஆறாவது: வாய்மையியல்

“உண்டி துயில்உடல் ஊதியம் உறவென
ஐந்தும் கரத்தல் அலைபேசி மரபே.”

உரை: மாணாக்க! இவ்வியலே நூலின் உயிர்நிலை, கருத்தூன்றிக் கேள். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்ததாம் என்று வள்ளுவர் கூறினமையின், மகள் தாய்க்கும் தாய் மகளுக்கும் அலைபேசியிற் கூறும் பொய்களைத் தொகுத்த இயல் வாய்மையியல் எனப் பெயர் பெற்றது.

உண்டிப்பொய். “சாப்ட்டியாடி?” என்பது தாயின் முதல் வினா. “ம்… சாப்ட்டம்மா” என்பது விடை. இவ்விடை மூவகைப் படும். முற்றுப்பொய், ஒன்றும் உண்ணாதது. அரைப்பொய், ஒரு பன்னும் அரைக்குவளைத் தேநீரும் உண்டது. மூன்றாவது எதிர்ப்படு பொய், இனிமேல் உண்ணப்போவதை உண்டதாகக் கூறுவது. இம்மூன்றாவதைப் பொய் என்றல் பொருந்தாது. விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலத்தாற் கூறலாம் என்று தொல்காப்பியர் இசைந்தார். சோறு இன்னும் பானையில் இருக்கும்போதே, வெளியில் நின்று அழைக்கும் தோழனிடம் உண்டுவிட்டதாகக் கூறுபவனை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டினர். ஆகவே இஃது இலக்கணம் காத்த மறைப்பு. முற்றுப்பொய்யை மட்டும் இலக்கணம் காவாது.

துயிற்பொய். “நல்லா தூங்குனேன்” என்பது. இரவுமுறை முடித்த குரலை ஒளித்தற்கு, அழைப்பை ஏற்குமுன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வாள்.

உடற்பொய். காய்ச்சலில் கிடப்பவள் விடுப்புக் கேட்டு மேலாளரிடம் நோயை மிகுத்துக் கூறுவாள். அடுத்த அழைப்பில் தாயிடம் அதே நோயைச் சளி என்பாள். ஒரு நோய் ஒரே மணி நேரத்தில் மிகுதலும் குறைதலும் இவ்விடத்தன்றி மருத்துவ நூலிற் காணப்படாது.

ஊதியப்பொய். இஃது ஏற்றப்பொய், இறக்கப்பொய் என இரண்டாம். பெரியம்மைக்குக் கூறுவது ஏற்றப்பொய். ஈருருளி வண்டி கேட்கும் தம்பிக்குக் கூறுவது இறக்கப்பொய். தாய்க்கு மட்டும் சரியான தொகை கூறப்படும். அதிற் பெரும்பங்கு முதற் கிழமையிலேயே அவளுக்கு வந்துவிடுதலின் மறைக்க இடமில்லை.

உறவுப்பொய். “ரூம்ல எல்லாரும் நல்லவங்கம்மா” என்பது. தொடக்கத்தில் இது முற்றுப்பொய்யாக இருக்கும்; அயலவளின் காய்ச்சலுக்கு இவள் கஞ்சி வைத்தபின் உண்மையாகிவிடும். சொல்லாலன்றிச் செயலால் உண்மையாகும் பொய் இஃதொன்றே.

இனி எதிர்ப்பொய். இவை பெண்ணாடத்திற் பிறந்து சென்னை நோக்கிச் செல்வன. “இங்க மழை நல்லா பேஞ்சிருக்கு”, “கடன்காரன் யாரும் வரல”, “அப்பா கொல்லையில இருக்காரு” என்பன. கொல்லையில் இருக்கும் தந்தை அவ்வேளை அலைபேசிக்கு மிக அருகில் இருமுவார். தாய் அதனை டிவி என்பாள். இவ்விடத்தில் மகள் மகளாக இராள், உழைச்செல்வி ஆவாள். வறட்டிருமலா, சளியிருமலா என்பதை அவ்வொலியாலேயே வகுத்துவிட்டு, “எத்தனை நாளா?” என்று கேட்பாள். தாய் நான்கு நாள் என்பாள். மகள் அதனை இருமடங்காக்கிக் கொள்வாள். நாளைக்கே விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ, சளியைச் சோதிக்கச் சொல், சீட்டைப் படமெடுத்து அனுப்பு என மூன்று கட்டளை இடுவாள். ஐவகைப் பொய்யும் எதிர்ப்பொய்யும் ஒருங்கே முறியும் இடம் இஃது என்க. முறிந்த பின்னும் அழைப்பு முடியுமுன் தாய், “நீ சாப்ட்டியா?” என்று முதலிலிருந்து தொடங்குவாள்.

புறனடை

இங்குக் கூறியன பெண்ணாடத்தாள்மேல் வைத்துக் கூறப்பட்டனவேனும், திட்டக்குடி, தொழுதூர், சேத்தியாத்தோப்பு ஆகிய ஊர்களினின்று புறப்படுவார்க்கும் ஒக்கும். ஆண்பாலராகிய உழைச்செல்வார்க்கும் ஒக்கும். அவர் மூட்டையுள் இடையினம் குறையும். நகரே ஊராகி அங்கேயே நின்றாரும், திருமணத்தால் மீண்டாரும், கடல் கடந்தாரும் வேறு நூலுக்கு உரியர்.

மாணாக்க! கேட்டதனோடு அமையாதே, பயன்கொள். உன் வீட்டார் ஒருவர் சென்னை மருத்துவமனை எதிலேனும் படுத்திருக்கும் இரவில், கைத்துடிப்புப் பார்க்க ஒருத்தி வருவாள். அவள் சட்டைமேல் பெயர் எழுதியிருக்கும். அதைப் படித்து அப்பெயராலேயே அழை. உண்டாயா என்று கேள். உண்டேன் என்பாள். அது முற்றுப்பொய்யா, அரைப்பொய்யா, எதிர்ப்படு பொய்யா என்று நின்று ஆராயாதே. கீழே சென்று ஒரு தேநீரும் இரண்டு பன்னும் வாங்கி வந்து கொடு.